பாவுக்கு அழைத்தல்

இராசிபுரத்து நெசவாளர் தெருக்களுக்கு நடுவே பாவடி என்று ஒரு நீண்ட வெளி உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவது அங்கேதான். முழு நீளப் பாவு ஒன்றை ஒரு குடும்பம் தனியாக நின்று முடித்துவிட முடியாது. கஞ்சி தோய்ப்பவர், தூரிகை இழுப்பவர், அறுந்த இழையை முடிபவர், பாவைத் தாங்கும் மரக்கால்களின் அருகே நிற்பவர் என்று தெருவே இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் வேலை முடியும். ஆகவே ஒரு முறை ஏற்பட்டிருந்தது. பாவு யாருடையதோ அவர் முதல் நாள் மாலை வீடு வீடாகச் சென்று, "நாளைக்கு எனக்குப் பாவுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் எவரும் மறுப்பதில்லை. கூலி கிடையாது, ஒரு சொம்பு மோரும், அவர்கள் அழைக்கும்போது போய் நிற்கும் கடமையும் மட்டுமே உண்டு. சொல்லாவிட்டால் எவரும் பாவைத் தொடுவதில்லை. அழைக்காமல் வந்து தொட்ட ஒருவரின் கையால் இழைகள் அறுந்து, அதிலிருந்து வளர்ந்த பகை பங்காளிகளைப் பிரித்து வைத்த கதை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

சாலம்மாள் அந்த முறையில் பாதியை மட்டும் கடைப்பிடித்தாள். யார் அழைத்தாலும் போனாள். யாரையும் அழைக்கவில்லை.

அவள் கணவன் அருணகிரி விஷக் காய்ச்சலில் இறந்தபோது, வீட்டுக்குள் ஒரு குழித்தறியும் பூவாத்தாள் என்னும் ஒரே மகளும் எஞ்சியிருந்தனர். கருமாதி முடிந்த கையோடு அருணகிரியின் அண்ணன் கைலாசம் வந்து, தறியின் படைமரத்தைத் தட்டிப் பார்த்தார். அந்தத் தறி அவர்களுடைய தந்தை தம் இளைய மகனுக்குச் செய்து கொடுத்தது.

"தறியை எங்க ஊட்டுக்கு மாத்திக்கலாம். நீயும் புள்ளையும் அங்கயே வந்து இருந்துக்குங்க. நூல் சுத்தறதுக்கும் ஆள் வேண்டியிருக்குது" என்றார்.

"அவுரு உக்காந்த குழியில நான் உக்காந்துக்கறேனுங்க மாமா. தறி இங்கயே ஓடட்டும்" என்றாள் சாலம்மாள்.

கைலாசம் சிரித்தார். "ஓடற வரைக்கும் ஓடட்டும்."

அந்தச் சிரிப்பு அவள் காதில் நின்றுவிட்டது. தறி தன் வீட்டில் ஓட வேண்டும். அது நின்றால், தானும் மகளும் வேலைக்காரிகளாக மற்றொரு வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த கணக்கு இவ்வளவே. பெண்பிள்ளை குழியில் இறங்கி நெய்வதா என்று கேட்டவர்கள் சில மாதங்களில் அவள் துணியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

விதவையான பின் முதன்முதலாகப் பாவு போட வேண்டிய நாள் வந்தபோது, அவளும் முறைப்படி அழைப்பதற்குத்தான் புறப்பட்டாள். முதலில் உறவினர் வீடு என்று கைலாசத்தின் வாசலுக்குப் போனாள். அப்போதுதான் விளக்கேற்றி வாசலுக்குக் கொண்டுவந்த கைலாசத்தின் மனைவி பழனியம்மாள், சாலம்மாளின் வெள்ளைச் சேலையைக் கண்டதும், விளக்கைச் சட்டென்று வீட்டுப் பக்கமாகத் திருப்பி முந்தானையால் மறைத்தாள்.

"வெளக்கு வெக்கற நேரத்துல இந்தக் கோலத்தோட வந்து நிக்கறியே, ஊட்டுல சுமங்கலி ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

சாலம்மாள் திரும்பி நடந்தாள். மற்ற வாசல்களில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அவள் கேட்டறியவில்லை. எல்லா வாசல்களும் அந்த ஒரு வாசலே என்று அவளாகவே முடிவு செய்தாள். அந்த முடிவில் அவமானம் பாதி, அகங்காரம் பாதி. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அதன்பின் அவள் பாவடிக்குத் தன் நூலைக் கொண்டு போகவே இல்லை. வீட்டை ஒட்டிய சந்தில் அடங்குகிற அளவுக்கு அரைப் பாவாகப் போட்டுக்கொண்டாள். தாயும் மகளுமாக முன்னும் பின்னும் ஓடி, தெரு ஒரு நாழிகையில் முடிக்கும் வேலையைப் பொழுது சாயும் வரை செய்தார்கள். ஆனால் தெருவில் யாருக்குப் பாவு என்றாலும், அழைத்தால், முதல் ஆளாகப் போய்க் கடைசி மரக்காலின் அருகில் நின்றாள். மோரைக் கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சேன்" என்று மறுத்துவிடுவாள். சாலம்மாளைப் போல் உதவுகிறவர் உண்டா என்று தெரு சொல்லியது. அப்படிச் சொன்னவர்களின் குரலில் அன்பைவிட ஒரு விதமான சலிப்பே அதிகமாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பவ வருஷம் ஐப்பசிப் பிறப்பை ஒட்டி, தெருவுக்கு நூல் கொடுக்கும் சண்முகவேல் அவள் வீட்டுக்கு வந்தார்.

"அரைப் பாவுக்கு நூல் குடுத்து எனக்குக் கட்டி வரலை, சாலம்மா. மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால முழுப் பாவு ஒண்ணு சுத்தமா முடிச்சுக் காட்டு. அப்பறம் மாசம் தவறாம இந்த ஊட்டுக்கே நூல் வரும். முடியலைன்னா இப்பவே சொல்லிப்போடு. நூலு உங்க மாமன் ஊட்டுக்குப் போவும். தறியும் பின்னாலயே போவும். நீ என்னையக் கோவிச்சுக்கக் கூடாது."

"முடிச்சுக் காட்டறேனுங்க" என்றாள் அவள்.

முழுப் பாவு சந்தில் அடங்காது. பாவடிக்குத்தான் போக வேண்டும். பாவடியில் ஆள் இல்லாமல் முடியாது. ஐப்பசி மழைக் காலம் என்பதால் வழக்கத்தைவிட அதிகம் பேர் வேண்டும். இது பூவாத்தாளுக்கும் தெரியும். பதினைந்து வயதிலேயே அவளுடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. குடம் குடமாகக் கஞ்சி சுமந்த தோள் அது.

"அம்மா, முத்தாயக்கா ஊட்டுல மட்டும் சொல்லிட்டு வாரட்டுமா?" என்று அவள் கேட்டாள். முத்தாயம்மாள் அடுத்த வீட்டுக்காரி.

"ஒருத்தர் ஊட்டுக்கும் போவ வேண்டாம்."

"பின்ன யாரு வருவாங்க?"

"கூலிக்கு ஆள் சொல்லியிருக்கறேன்."

கூலி கொடுத்தால் கேட்டதாக ஆகாது என்பது சாலம்மாளின் எண்ணம். காட்டு வேலை செய்யும் இருவரை அவள் பேசி வைத்திருந்தாள். நல்ல மனிதர்கள்தாம். கரும்பு வெட்டவும் கிணறு தூர் எடுக்கவும் தெரிந்தவர்கள். நூல் என்பதை இடுப்பில் கட்டிய துணியாக மட்டுமே அறிந்தவர்கள்.

மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. விடியும்போதே சாலம்மாள் பாவை இழுத்துக் கட்டிவிட்டாள். பாவடியின் ஒரு முனையிலிருந்து மறு முனையில் கோயில் கொட்டகைக்கு அருகே வரை வெள்ளை நூல் நீண்டு கிடந்தது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சாலம்மாளின் முழுப் பாவை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. எந்த வாசலிலிருந்தும் யாரும் இறங்கி வரவில்லை. எந்த வாசலையும் அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நேத்து உங்க ஊட்டுக்கு வந்து சொன்னாளா?"

"இல்லையே. உங்க ஊட்டுக்கு?"

"எங்க ஊட்டுக்கும் இல்லை. அவ ஊட்டுத் தறிக்கு அவளே தெரு போல இருக்குது."

யாரோ சிரித்தார்கள். பாவில் கஞ்சி ஏறியது. பூவாத்தாள் தூரிகையோடு ஓடினாள். கூலியாட்கள் மரக்கால்களைப் பிடித்துக்கொண்டு, எதற்காகப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள். வேலை மெதுவாகவே நடந்தது. என்றாலும் நடந்தது. பாவு பாதி உலர்ந்திருந்தபோது போதமலையின் மேல் கறுப்பு இறங்கியது.

மழை வந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதற்கும் பாவடியில் முறை உண்டு. ஈரப் பாவைச் சுருட்டக் கூடாது. சுருட்டினால் கஞ்சியில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மரக்காலுக்கும் இரு பக்கமும் ஆள் நின்று, பாவின் விறைப்புத் தளராதபடி, மரக்கால்களோடு சேர்த்து அப்படியே தூக்கி, எல்லாரும் ஒரே அடியாக நடந்து, கோயிலின் நீளக் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். பிணம் தூக்குவதைவிட ஒழுங்கான நடை அது. குழந்தைகள்கூட அந்த நடையைத் தெருவில் விளையாட்டாக நடந்து பழகியிருந்தார்கள். அதற்கு ஆள் வேண்டும். பழகிய ஆள் வேண்டும்.

முதல் தூறல் விழுந்ததும் கூலியாட்கள் மரக்கால்களை விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினார்கள். மழை வந்தால் வேலை நிற்கும் என்பதுதான் அவர்கள் அறிந்த முறை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். முத்தாயம்மாள் ஒரு காலைப் படியின் கீழே வைத்துவிட்டாள். ஆனால் ஒருவரும் நகரவில்லை.

"அம்மா, கூப்புடும்மா" என்றாள் பூவாத்தாள்.

சாலம்மாள் பாவின் நடுவில் நின்று இரு பக்கமும் பார்த்தாள்.

பூவாத்தாள் தானாகவே கத்தினாள். "வாங்களே, யாராச்சும் வாங்களே."

கொட்டகை ஓரத்தில் சரவணமுத்து நின்றிருந்தார். பாவடியின் முறைகளைக் காப்பவர் என்று தெரு ஒப்புக்கொண்ட மனிதர். அவர் நிதானமாகச் சொன்னார்: "பாவு உங்கம்மாளுது, கண்ணு. அவுங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கறோம்."

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வேண்டுமானால் அவளே கூப்பிடட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். வர மனம் இருந்தால் அவர்களே வரட்டும் என்று அவள் நினைத்தாள். அவள் கண் முன்னே முந்தானைக்குப் பின்னால் மறைக்கப்பட்ட ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நினைப்புகளுக்கும் நடுவே மழை வலுத்தது.

"சுருட்டு" என்றாள் சாலம்மாள் மகளிடம்.

"சுருட்டினா ஒட்டிக்கும்மா."

"சுருட்டுன்னா சுருட்டு."

தாயும் மகளும் ஈரப் பாவைச் சுருட்டித் தோளில் ஏற்றி, தெருவின் நடுவே, இரு பக்கமும் நின்ற மனிதர்களுக்கிடையே வீட்டுக்குச் சுமந்து போனார்கள். வழிவிட்டு ஒதுங்கியவர்களின் காலில் பாவிலிருந்து கஞ்சித் தண்ணீர் சொட்டியது.

உலர்ந்தபோது அது நூலாக இல்லை. பிரிக்க முயன்ற இடமெல்லாம் கொத்துக் கொத்தாக அறுந்தது. சாலம்மாள் நகத்தால் இழை பிரித்துக்கொண்டே இருந்தாள். பூவாத்தாள் எழுந்து போய், தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்தாள்.

"இந்தப் பக்கத்தைப் புடி" என்றாள் தாய்.

"நீ ஊர்ல ஒருத்தரையும் கேக்க மாட்டே. கேட்டாக் கவுரவம் போயிரும். ஆனா என்னையக் கேக்காமயே எந் தோள்ல ஏத்துவே. நானு வரமாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல, அதனாலதானே."

சாலம்மாளின் விரல்கள் நின்றன. அடிக்கக் கை ஓங்கியிருக்கலாம். ஓங்கவில்லை. சற்று நேரத்துக்குப் பின் மறுபடியும் தானே இழை பிரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் முற்பகலில் முத்தாயம்மாள் வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம் புள்ள, எம் பாவுக்கு நீ வராம இருந்திருக்கறியா?"

"இல்லை. அதுக்கென்ன இப்ப?"

"ஒரு தடவையாச்சும் என்னைய வரச் சொன்னியா? நீ பாட்டுக்கு வர்றே, நிக்கறே, மோர்கூடக் குடிக்காமப் போறே. நான் திருப்பிச் செய்யறதுக்கு ஒரு வழி விட்டியா? உனக்கு மட்டுந்தான் மானமிருக்குது, எங்களுக்கெல்லாம் இல்லையா? உன்ற காலடியிலயே எங்களை வெச்சிருக்கறே, சாலம்மா. உதவி செஞ்சு செஞ்சே வெச்சிருக்கறே."

"மழையில நின்னு வேடிக்கை பாத்தீங்களே அக்கா, அப்ப அந்த மானம் எங்க போச்சு?"

முத்தாயம்மாள் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒரு காலைக் கீழ வெச்சுட்டுத்தான் நின்னேன். நீ இந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருந்தாலே போதும். ஓடியாந்திருப்பேன்."

"திரும்பாட்டி வரமாட்டீங்க."

"வரமாட்டேன்" என்றாள் முத்தாயம்மாள். பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். "வந்திருக்கோணும். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஆனா நீ கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். வந்திருக்க மாட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் மன்னிக்கவில்லை. முத்தாயம்மாள் போய்விட்டாள்.

சண்முகவேல் வந்து, ஒட்டிப்போன பாவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வாரமே நூல் கைலாசத்தின் வீட்டுக்குப் போயிற்று. தறியும் பின்னாலேயே போகும் என்று அவர் சொல்லியிருந்தார். அது அவ்வாறே நடந்தது. நடந்த விதம்தான் சாலம்மாள் எதிர்பாராதது.

தறி பெரியது. படைமரங்களும் கால்மரங்களும் தரையில் புதைந்து நிற்பவை. அதைப் பிரித்து எடுத்துச் செல்லப் பலர் வேண்டும். கைலாசம் முதல் நாள் மாலை வீடு வீடாகச் சென்றார். "நாளைக்குத் தறி தூக்கோணுங்க. ஒரு கை வேணும்" என்று ஒவ்வொரு வாசலிலும் பணிவாகச் சொன்னார். மறுநாள் தெரு முழுவதும் வந்தது.

சரவணமுத்து வந்தார். முத்தாயம்மாளின் கணவர் வந்தார். மழையில் வேட்டியை மடித்துக் கட்டி நின்ற ஒவ்வொருவரும் வந்தார்கள். அழைத்தால் வருவது முறை. எதற்கு என்று கேட்பது முறையில் இல்லை. அவர்கள் சாலம்மாளின் முகத்தைப் பாராமல், கயிறு கட்டி, மரங்களை ஆட்டிப் பெயர்த்து, அடி பிசகாமல், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், ஈரப் பாவைத் தூக்கிச் செல்லும் அதே நடையில் தறியை வெளியே கொண்டு போனார்கள். பழனியம்மாள் மோர் கொடுத்து அனுப்பியிருந்தாள். சாலம்மாளின் வாசலில் நின்றே எல்லாரும் குடித்தார்கள்.

கைலாசம் கடைசியாக உள்ளே வந்து, "நீயும் புள்ளையும் எப்ப வர்றீங்க?" என்று கேட்டார்.

"நாங்க வரலைங்க மாமா."

"தறியில்லாத ஊட்டுல என்ன பண்ணுவே?"

அவர் போனபின் சாலம்மாள் வெறும் குழியின் விளிம்பில் அமர்ந்தாள். அருணகிரியின் காலும் பின்பு அவள் காலும் தேய்த்து வழவழப்பான குழி அது. அவளை வருத்தியது தறி போனது மட்டும் அன்று. அநியாயத்துக்குக் கேட்ட கைலாசத்துக்குத் தெரு வந்தது. நியாயம் இருந்தும் கேட்காத அவளுக்கு வரவில்லை. கேட்பது தாழ்வு என்று அவள் இத்தனை காலம் எண்ணியிருந்தாள். தாழ்ந்தவர் எவர் என்பதை அவளே தன் கண்ணால் பார்த்தாள். வீடு வீடாகக் கும்பிட்டுக் கேட்ட மனிதர் தலை நிமிர்ந்து தறியின் பின்னால் நடந்து போனார்.

மற்றொன்றும் அவளுக்கு அப்போது விளங்கியது. அது இதைவிடக் கசப்பானது. மழையில் நின்ற அத்தனை பேரும் நிரபராதிகள். அவர்களை நிரபராதிகளாக ஆக்கியவள் அவளே. ஒரு சொல் அவள் சொல்லியிருந்தால், வந்தவர் யார், வராதவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் காப்பாற்றிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. சாலம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, மகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, முத்தாயம்மாளின் வாசலுக்குப் போனாள். முத்தாயம்மாளின் மகன் பிழைப்புத் தேடிக் கோயமுத்தூர் மில்லுக்குப் போன பின் அவர்கள் வீட்டில் ஒரு தறி சும்மா கிடந்தது.

"அக்கா, எனக்கு ஒரு தறி வேணும். உங்க ஊட்டுல சும்மா கெடக்கறதுல என்னைய நெய்ய உடுங்க."

முத்தாயம்மாள் உள்ளே திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பின்பு சாலம்மாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் இல்லை.

"என்ன சொன்னே? எங்கூட்டுக்காரருக்குக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு."

கேட்டிருந்தது. இருவருக்கும் தெரியும். சாலம்மாள் மறுபடியும் சொன்னாள். முதல் முறையைவிடத் தெளிவாகவே சொன்னாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கதவுகள் திறந்தன.

"எனக்கு ஒரு தறி வேணும். என்னோடது போயிருச்சு. உங்களைக் கேக்கறேன்."

"உள்ள வா" என்றாள் முத்தாயம்மாள். "வந்து வெளக்கு வெச்ச எடத்துல உக்காரு."

நூல் இல்லாமல் தறி மட்டும் என்ன செய்யும்? சாலம்மாள் மறுநாள் சரவணமுத்துவின் வீட்டுக்குப் போனாள்.

"நீங்க எங்கூட வந்து சண்முகவேலுகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுங்க."

"நானா?" என்றார் அவர். "நான் என்ன சொல்லறது?"

"எம் பாவு ஏன் கெட்டுச்சுன்னு நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க. அதையே சொல்லுங்க."

சரவணமுத்து மேல்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சண்முகவேலிடம் அவர் என்ன சொன்னார் என்பது சாலம்மாளுக்குக் கேட்கவில்லை. அவள் வாசலில் நின்றாள். வெளியே வந்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. முதலில் அரைப் பாவுக்கு நூல் கிடைத்தது. அதை நெய்து கொடுத்த பின் முழுப் பாவுக்கும் கிடைத்தது.

முழுப் பாவுக்கு முதல் நாள் மாலை சாலம்மாள் வீடு வீடாகப் போனாள். "நாளைக்கு எனக்குப் பாவுங்க. வரோணும்." சிலர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். ஒரு வாசலில் கிழவர் ஒருவர், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றார். "ஆமாங்க, இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். வேண்டுமென்றே கைலாசத்தின் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பழனியம்மாள் விளக்கோடு வந்தாள். முன்போலவே திருப்பினாள், முன்போலவே முந்தானையால் மறைத்தாள்.

சாலம்மாள் நகரவில்லை. "நாளைக்கு எனக்குப் பாவுங்க, அக்கா. நீங்களும் மாமாவும் வரோணும்."

"வெளக்கு அணையப் போவுது, போ."

"வந்து சொல்லிட்டேன். வாரதும் வராததும் உங்க இஷ்டம்."

மறுநாள் தெரு வந்தது. முழுப் பாவு ஒன்று எவ்வளவு விரைவாக உலர்ந்துவிடும் என்பதைப் பூவாத்தாள் அன்றுதான் கண்டாள். அவள் தோளில் எதுவும் ஏறவில்லை. மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். பாவின் கடைசி மரக்காலின் ஒரு பக்கத்தில் ஆள் இல்லை. பங்காளி என்ற முறையில் கைலாசத்துக்கு உரிய இடம் அது. வேறு ஒருவர் நகர்ந்து அந்த இடத்தில் நிற்கப் போனபோது, "அது இருக்கட்டுங்க. இந்தப் பக்கத்துல இருந்தே நான் பாத்துக்கறேன்" என்று சாலம்மாள் தடுத்தாள். வேலை முடியும் வரை அந்த வெற்றிடம் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது.

மாசியில் கைலாசத்துக்குப் பாவு வந்தது. அவர் வீடு வீடாக அழைத்தார். சாலம்மாளின் வாசலை மட்டும் தாண்டிப் போனார். மறுநாள் காலை அவள் பாவடியின் ஓரத்தில், பாவைத் தொடாமல், முறை தவறாமல் நின்றாள். எல்லாரும் கூடியிருந்த நேரம் பார்த்துச் சொன்னாள்:

"மாமா, நீங்க என்னையக் கூப்புடலை. நான் தொடலை. ஆனா உங்களை ஒண்ணு கேக்க வந்தேன். எந் தறியைக் குடுங்க."

தூரிகைகள் நின்றன.

"அது எங்கப்பன் செஞ்ச தறி" என்றார் கைலாசம்.

"உங்க தம்பிக்குச் செஞ்சு குடுத்தது. நான் அவரு பொண்டாட்டி. அவரு மவ உசுரோட இருக்கறா. கேக்கறேன். குடுங்க."

"காலங்காத்தால வந்து மானத்தை வாங்கறியா?"

"உங்க மானத்தை நான் வாங்கலைங்க. தறியைத்தான் கேக்கறேன்."

அவர் சரவணமுத்துவைப் பார்த்தார். சரவணமுத்து குனிந்து அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். அந்த இழை முடிய வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஆயிற்று. கைலாசம் தறியைக் கொடுக்கவில்லை. சாலம்மாள் வீட்டுக்குத் திரும்பினாள்.

அவர் ஒவ்வொரு முறை பாவு போட்டபோதும் அவள் போய் ஓரத்தில் நின்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல் கூட்டவில்லை. "எந் தறியைக் குடுங்க, மாமா." அவர் ஒவ்வொரு முறையும் எல்லார் முன்னிலையிலும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சில வருஷங்களில் கைலாசம் பாவடியை விட்டுத் தம் வீட்டுச் சந்தில் அரைப் பாவு போடத் தொடங்கினார். பழனியம்மாளும் அவருமாக முன்னும் பின்னும் ஓடிப் பொழுது சாயும் வரை வேலை செய்வதை, முத்தாயம்மாளின் வீட்டுத் தறியில் உட்கார்ந்தபடி சாலம்மாள் பார்த்தாள். அவளுக்கு அதில் மகிழ்ச்சி ஏதும் உண்டாகவில்லை. அந்தச் சந்தின் வேலை எத்தகையது என்று அவளுக்குத் தெரியும்.

யுத்தம் வந்து, நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, பல வீடுகளில் தறிகள் ஓய்ந்தன. பூவாத்தாளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. கைலாசம் படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் பழனியம்மாள் சாலம்மாளின் வாசலுக்கு வந்தாள். விளக்கு வைக்கிற நேரம். நெடுநேரம் நின்றாள். உள்ளே விளக்கின் அருகே இருந்த சாலம்மாள் அவளைப் பார்த்தாள். அவள் எதற்கு வந்தாள் என்பது ஒருவாறு தெரிந்துதான் இருந்தது. புரட்டிப் படுக்க வைக்கக்கூட அந்த வீட்டில் மற்றோர் ஆள் இல்லை.

தானே எழுந்து போயிருக்கலாம். சாலம்மாள் எழவில்லை.

"என்ன வேணும்னு சொல்லுங்க, அக்கா" என்றாள். "சொன்னா வாரேன்."

பழனியம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கியது. அவள் உதடு ஒரு முறை அசைந்தது. பின்பு திரும்பி, வந்த வழியே, இருட்டில் மெதுவாக நடந்து போனாள்.

சாலம்மாள் எழுந்து வாசலுக்கு வந்து, பழனியம்மாள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கால் வாசற்படியின் கீழே இருந்தது.